இரண்டாவது ஆள்

சூளைப் புழுதி தின்ற நுரையீரலோடுதான் அக்கா படித்துப் பட்டம் வாங்கினாள். அதே நுரையீரல்தான் போன மாதம் அவளைக் கொண்டுபோனது. செங்கல் சூளைத் தொழிலாளரின் இருமலைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சலித்தெடுக்க அக்காவும் தங்கையும் தொடங்கிய வேலை பாதியில் நின்றது.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் ஒவ்வொரு கட்டுரைச் சுருக்கத்தையும் படித்து, சேர்ப்பதா தள்ளுவதா என்று குறிக்க வேண்டும். முடிவுகள் மோதினால் பேசித் தீர்க்க வேண்டும். அக்கா எங்கே பேசினாள்? "ஏண்டி, கண்ணை அடகு வச்சிட்டியா?" என்று கரண்டியோடு அடுப்படியிலிருந்து வருவாள்.

"மீதியை எந்த சாஃப்ட்வேர்ல சலிக்கறதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லும்மா," என்றார் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர். "இந்தப் புதுசுல மெஷினே ரெண்டாவது ஆளா உக்காந்துக்கும். உங்க அக்கா முடிவையெல்லாம் கொடுத்தா அவங்க மாதிரியே படிக்கும். வேற ஆள் தேட வேணாம்."

அக்காவின் இடம் காலியாகாது. தங்கைக்கு வேறென்ன வேண்டும்?

அக்கா குறித்ததையெல்லாம் மெஷினுக்கு ஊட்டிவிட்டு, அவள் பார்க்காத கட்டுரைகளைக் கொடுத்தாள். எலிச் சோதனையா, தள்ளு. சூளைக் கூலியா, சேர். அக்காவேதான். திரையைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு கட்டுரையைத் தள்ளியது. காரணம்: இவர்கள் தொழிலாளர் அல்லர், குடும்பத்தினர்.

சுருக்கத்தைப் படித்தாள். புருஷனுக்கும் அப்பனுக்கும் ஒத்தாசையாகக் கல் சுமந்த பெண்கள். கூலி வாங்குகிற இடத்தில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. அக்கா படித்த பாதியில் இப்படியொன்று வரவே இல்லை. ஆனால் அக்காவும் அப்பா பெயரில்தான் கல் சுமந்தாள்.

"இது வேணாம் சார். ரெண்டு பேர் உக்காந்து படிக்கிற பழைய சாஃப்ட்வேரே போதும்."

"ஏம்மா? அக்காகிட்டதானே கத்துக்கிச்சு?"

"கத்துக்கிட்டு அக்காவையே தள்ளிடுச்சு சார்."

"சரி, புது ஆள் போடறேன். அக்கா இடத்தைக் காலி பண்ணி வை."

பழைய சாஃப்ட்வேரில் இரண்டே பேருக்குத்தான் இடம். வீட்டுக்கு வந்துதான் திறக்க முடிந்தது. அந்தப் பெண்களைப் பற்றிய கட்டுரைக்கு 'சேர்' என்று தன் முடிவைக் குறித்தாள். பிறகு அக்காவின் பெயருக்கு எதிரே இருந்த 'நீக்கு' என்பதை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. அவர் குறித்தவை அப்படியே இருக்கும், அவர் மட்டும் இருக்கமாட்டார் என்றது.

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கரண்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அழுத்தினாள்.