கண்மாய்க்குள் விழுந்த ஓட்டை

செப்டம்பர் 10, புதன்.

பரிபூரணம் அக்காவின் வீடு இன்று காலையிலிருந்து கண்மாய்க்குள் இருக்கிறது. தவறு என்னுடையது. சின்னத் தவறுதான்.

பாலிடெக்னிக் மாலை வகுப்பில் நாங்கள் ஊரின் வரைபடத்தைச் சுவரளவு பலகை ஒன்றில் செய்துகொண்டிருக்கிறோம். வீட்டுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு ஓர் ஒளியிழை. தூண்டில் நரம்பு போல மெலிசாக இருக்கும். எல்லா இழைகளும் பலகையின் பின்பக்கம் ஒன்றுகூடி ஒரு விளக்குப் பட்டையில் போய்ச் சேரும். எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்பதை என்னோடு படிக்கும் ஜன்னத் கம்ப்யூட்டரில் எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை மாலை திறப்பு விழா.

முன்பக்கம் பெயிண்ட் பெயர்ந்துவிடும் என்பதால் பின்பக்கத்திலிருந்துதான் டிரில் போட வேண்டும். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் மேற்கு கிழக்காகிவிடும். அதனால் வரைந்த தாளைத் திருப்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் எல்லாத் தாள்களையும் திருப்பித்தான் ஒட்டினேன். எங்கள் மேலத் தெருவுக்குத் தாள் போதாமல் ஒரு வீட்டை மட்டும் பலகை அகலத்துக்கு வெட்டிய தனித் துண்டில் வரைந்திருந்தேன். அந்தத் துண்டை, டீ குடித்துவிட்டு வந்து, திருப்பாமல் ஒட்டிவிட்டேன். மேற்கே விழ வேண்டிய ஓட்டை கிழக்கே கண்மாயின் நடுவில் விழுந்தது.

முதல் வகுப்பிலேயே அந்தோணி துரை சார் எச்சரித்தார்.

"ஓட்டை எங்க விழுதோ, வீடு அங்க போயிரும். நிதானமா போடுங்க."

குறித்துக்கொண்டேன். பொதுவான அறிவுரை என்று நினைத்துவிட்டேன்.

அக்கா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தேன். அது இருந்த இடம் மூடிக்கொண்டிருந்தது. எங்கள் சுவரும் அரிசிக் கடைக்காரர் சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டு அடுப்படி. அவர் கடுகு தாளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மலைச்சாமி, காத்து வரலையா?"

"வரலைங்க."

"இங்கயும் இல்ல. நேத்து வரைக்கும் நடுவுல ஏதோ இருந்துச்சே."

அம்மா ஜன்னலை மூடி அதன்மேல் காலண்டரை மாட்டினாள்.

கண்மாய்க் கரைக்குப் போனேன். பால்காரர் எனக்கு முன்னால் வந்திருந்தார். பாக்கெட்டைச் சுழற்றி எறிந்தார். அக்கா வாசலில் நின்று ஒற்றைக் கையால் பிடித்தார். தண்ணீர் வாசற்படி வரை இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா வெளியே நின்றபோதும் ஓடியது.

கண்மாய் பெரியது. ஆனாலும் அக்கா சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரியே பேசினார்.

"ஏப்பா மலைச்சாமி, என்னைய எங்க கொண்டாந்து வச்சுருக்க?"

"தாளைத் திருப்பாம ஒட்டிட்டேன்க்கா."

"ஊருல இம்புட்டு வீடு இருக்கு. என் வீட்டுக்குத்தான் உனக்குத் தாளு பத்தலையாக்கும்."

அக்கா படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டார்.

"தண்ணி எனக்குப் பிரச்சினையில்ல. துணி துவைக்கத் தோதாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழம சாயங்கால பஸ்ஸுக்கு அவரு வாறாரு."

அவர் என்றால் அக்காவின் கணவர் சேவுகப்பெருமாள். லாரி ஓட்டுகிறார். போன மாதம் கிளம்பும்போது இரண்டு பேருக்கும் சண்டை. தெரு முழுக்கக் கேட்டது. "நீ வரும்போது இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்" என்று அக்கா கத்தியதை நானும் கேட்டேன்.

"அன்னைக்கு ஒரு கோவத்துல சொன்னதுப்பா" என்றார் அக்கா. "இப்ப வந்து பாத்தா வீட்டையே காணோம். சொன்னபடி செஞ்சுட்டா, வீட்டையும் தூக்கிட்டுப் போயிட்டான்னு நெனைக்க மாட்டாரா? ஒரு வார்த்த கேக்காமத் திரும்பி நடந்துருவாரு. அந்த மனுசன் அப்பிடித்தான்."

"போன் பண்ணுங்கக்கா."

"பண்ணேன். எடுத்தாரு. தண்ணி சத்தம் மட்டுந்தான் கேக்குதாம்."

சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாலை வகுப்புக்குப் போனேன். குற்றம் சொல்ல வருகிறவர்களுக்கு எங்கள் பாலிடெக்னிக் நடைகூடம் நீளமாக இருக்கும். தவறு செய்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னும் நீளம். இன்று டைப்ரைட்டிங் வகுப்பைத் தாண்டினேன். மறுபடியும் டைப்ரைட்டிங் வகுப்பு வந்தது. அடுத்த அறையில் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்கள் இன்னும் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். என் இடம் காலியாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

அந்தோணி துரை சார் நல்ல பிரகாசமாக இருந்தார். சாருக்குச் சந்தேகம் வந்தால் மங்குவார். மற்ற நேரங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

நடந்ததைச் சொன்னேன். சார் கொஞ்சம் மங்கினார்.

"டீக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி சார்."

"டீக்குப் பின்னாடி போட்ட ஓட்டைய எடுக்க முடியாதேப்பா."

"மரத்தூள் வச்சு அடைச்சா சார்?"

"அடைக்கலாம். அந்தம்மா எங்க போவாங்க?"

பழைய இடத்தில் புது ஓட்டை போடலாம் என்று ஸ்கேலை வைத்தேன். இடம் இல்லை. பலகையிலும் எங்கள் வீட்டு ஓட்டையும் அரிசிக் கடைக்காரர் ஓட்டையும் நெருங்கி உட்கார்ந்திருந்தன. நான் சரியாகத்தான் அளந்தேனா என்று மறுபடியும் அளந்தேன். இன்னும் கொஞ்சம் நெருங்கியிருந்தன. அதற்குமேல் அளக்கவில்லை.

அப்போது ஜன்னத் ஒன்று சொன்னாள்.

"வீட்டை நகத்த முடியாதுன்னா விடு. அவரு கண்ணுல படுற மாதிரி பண்ணுவோம். எல்லா வீடும் மஞ்சளா எரியப் போகுது. அக்கா வீட்டை மட்டும் வேற கலரா வைக்கிறேன். என்ன கலர்னு கேட்டுட்டு வா."

செப்டம்பர் 11, வியாழன்.

காலையில் கரைக்குப் போய்க் கேட்டேன். அக்கா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பச்ச வச்சா நிக்காமப் போயிருவாரு. மஞ்சளு மின்னுச்சுன்னா ஒதுங்கி வழி விடுவாரு. சிவப்பு வையி. சிவப்பப் பாத்துட்டா அவரு காலு தன்னால பிரேக்குக்குப் போயிரும். நடந்து வந்தாலும் போயிரும்."

மாலையில் ஜன்னத் சிவப்பை எழுதினாள். பலகையில் கண்மாயின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்மாயின் நடுவேயும் எரிந்தது. அக்கா குரல் வகுப்புக்குள் வந்தது.

"மலைச்சாமி! எல்லா நூலும் ஒரே நெறமாத் தெரியுது! கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டுய்யா!"

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்கக்கா!" என்றாள் ஜன்னத்.

"ஏம்மா, சிவப்பப் பாத்து நின்னுருவாரு. சரி. கரையில நின்னு என்ன செய்வாரு? அந்த மனுசனுக்கு நீச்சல் தெரியாது."

நாங்கள் இதை யோசித்திருக்கவில்லை. நான் யோசித்திருக்க வேண்டும்.

மேசையில் ஒரே ஒரு தாள் மிச்சம் இருந்தது. மேலத் தெருவின் தெருவிளக்குகள். இன்னும் ஓட்டை போடவில்லை. பஸ் ஸ்டாண்டில் தொடங்கி மேற்கே போய் அக்கா வீட்டு வாசல் இருந்த இடத்தில் முடிகிற வரிசை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பலகையின் பின்பக்கம் வெகுநேரம் நின்றேன். பஸ் ஸ்டாண்டு பலகையின் நட்ட நடுவில் இருக்கிறது. தாளைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். திருப்பாமல் ஒட்டினால் வரிசை கிழக்கே போகும். கரை ஏறும். தண்ணீருக்குமேல் நடக்கும். சிவப்பு விளக்கில் போய் முடியும்.

விளக்குக் கம்பங்கள் போகிற இடத்துக்கு அவற்றின் கீழே உள்ள தெருவும் போக வேண்டும். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டை போன இடத்துக்கு வீடு போயிருக்கிறது.

சாரிடம் சொன்னேன்.

"தெரிஞ்சே தப்பாப் போடப் போறியா?" என்றார். மங்க ஆரம்பித்தார்.

"ஆமா சார்."

"மேலத் தெருவுக்கு விளக்கு இருக்காது."

"நான் அந்தத் தெருதான் சார்."

சார் இன்னும் மங்கினார். சட்டை மட்டும் தெரிந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்த பேனா மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்கு இங்க ஒண்ணும் தெரியலப்பா. யாரு என்ன தாள ஒட்டுறாங்கன்னு எப்பிடிச் சொல்றது? டீக்கு முன்னாடி மட்டும் போட்டுறாத. ஓட்டை நிலைக்காது."

இன்று டீக்கடை மூடிவிட்டிருந்தது.

திரும்பும்போது நடைகூடம் நாலே எட்டில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நாளை முதல் தெருவில் விளக்கு இருக்காது, தெருவும் எந்த அளவுக்கு இருக்கும் என்று தெரியவில்லை என்றேன். அம்மா காலண்டரைத் தூக்கி ஜன்னலைத் திறந்து, அரிசிக் கடைக்காரர் அடுப்படியிலிருந்து கொஞ்சம் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டாள்.

"டார்ச்சுக்குப் பேட்டரிக் கட்டை வாங்கி வச்சுரு" என்றாள்.

நாளைய வேலை: டீ குடிக்க வேண்டும். தெருவிளக்குத் தாளைத் திருப்பாமல் ஒட்ட வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா வீட்டு வாசல் வரை ஓட்டை போட்டு, இழை கோத்து, பசை காய்கிறவரை விசிறியால் விசிற வேண்டும். சாயங்கால பஸ் வருவதற்குள் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்க வேண்டும். சேவுகப்பெருமாள் அண்ணன் இறங்கியதும், எப்போதும் இடது பக்கம் திரும்புகிற இடத்தில் இன்றைக்கு வலது பக்கம் திரும்புங்கள் என்று சொல்ல வேண்டும்.