படிவத்தில் இல்லாத கட்டம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. கல்வி அலுவலகம் என் மனைவிக்கு அனுப்பிய கடிதம். அது வந்தபோது அவள் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. கதையில் அவளை டீச்சர் என்றே எழுதப்போகிறேன். மனைவி என்று எழுதினால், துக்கம் விசாரிக்க வந்தவர்போல் நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள். எனக்கு அது வேண்டாம். நீங்கள் கோபப்பட வேண்டும்.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் டீச்சர்... (அடித்துவிட்டேன். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாம் தொடக்கம்: டீச்சரின் வகுப்பறை, மாடிப்படிக்கு அடியிலிருந்த சாமான் அறை. துடைப்பங்களை வெளியே எடுத்துவிட்டு ஆறு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று திண்டாடும் பிள்ளைகளுக்கு அங்கே தினமும் ஒரு மணி நேரம் உதவி வகுப்பு. அலுவலகம் அனுப்பிய பாடப் பெட்டியைத் திறந்தால் பந்து, பூனை, குடை. பத்து வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்த சொற்கள் ஆவியாதல், வகுத்தல், சுற்றளவு. அவற்றை இரண்டு மொழியிலும் டீச்சரே எழுதினாள், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த ஆறு நாற்காலிகளில் ஒன்றில் ஒரு சிறுமி. கணக்கில் புலி. டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் கணக்கப்பிள்ளை. அவள் அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை.

உதவி வகுப்பு இரண்டு ஆண்டுக்குத்தான் என்பது விதி. முடிவில் ஆளுக்கொரு படிவம். அதில் இரண்டே கட்டங்கள்: 'ஆங்கிலம் தேறியவர்', 'கற்றல் குறைபாடு உள்ளவர்'. இன்னும் ஓராண்டு கொடுங்கள் என்று சொல்ல இடமே இல்லை. [யார் எழுதியது இதை? எந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து?]

சோதிக்க அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆங்கிலத்தில் பத்துக் கேள்வி. சிறுமிக்குப் புரிந்தது, எட்டுக்குச் சரியாக விடை சொன்னாள், தமிழில். எட்டுக்கும் அவர் 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டார். (அவரையும் கொஞ்சம் மனிதராகக் காட்டலாமென்று, அவருக்கும் வீட்டில் ஒரு மகள் இருக்... வேண்டாம். அதை வேறு யாராவது எழுதட்டும்.)

4

டீச்சர் சிறுமியின் அம்மாவை வரவழைத்துப் படிவத்தைக் காட்டினாள்.

"எதுல டிக் போட்டா அவ உங்ககிட்டயே இருப்பா டீச்சர்?"

"ரெண்டுலயும் இல்லம்மா."

"அப்ப இது என்னத்துக்கு?"

டீச்சர் ஸ்கேலை எடுத்தாள். மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் 'இன்னும் ஓராண்டு' என்று எழுதி, டிக் போட்டுக் கையெழுத்திட்டாள்.

வீட்டுக்கு வந்து, "பாவம், அவங்களுக்குக் கட்டம் போடத் தெரியல. நானே போட்டுக் குடுத்துட்டேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். நான் சிரித்ததை மட்டும் எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

5

படிவங்களை வாசிப்பது ஓர் இயந்திரம். அச்சிட்ட கட்டத்துக்கு வெளியே என்ன இருந்தாலும் அதற்கு அழுக்கு. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'குறியிடப்படாத படிவங்கள் விதிப்படி இரண்டாம் பிரிவில் சேர்க்கப்படும்.'

அதாவது, சிறுமிக்கு இனி கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு அறை.*

* அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது நல்ல அறைதான். இவளுக்கு அங்கே பின்னம் கிடையாது; நிறவாரியாகப் பாசிமணி பிரிக்க வேண்டும்.

6

முடிவு ஒன்று: டீச்சர் உயிரோடிருந்து கடிதத்தைப் படிக்கிறாள். தான் வரைந்த கட்டம்தான் பிள்ளையை அங்கே... (என்னால் முடியவில்லை.)

முடிவு இரண்டு: அலுவலகம் தவறை உணர்ந்து திருத்துகிறது. (மூன்று முறை போனேன். கையெழுத்துப் போட்டவர்தான் திருத்த வேண்டுமாம். அவள் இறந்துவிட்டாள் என்றேன். எழுத்தர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு, "அப்ப அதை அவங்களே ஒரு லெட்டரா எழுதிக் குடுக்கணும் சார்" என்றார்.)

முடிவு மூன்று: நேற்று சிறுமியின் அம்மா வீட்டுக்கு வந்தார். இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லா இருக்கு சார். டீச்சர் பேசுற மாதிரியே இருக்கு" என்றார். பிறகு, "திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது. அவளை எந்த ரூமுக்குப் போகச் சொல்லட்டும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

என்ன சொல்லட்டும்? இன்று சனிக்கிழமை.