அப்புறம் சொல்றேன்

"அத எடுத்து உள்ள வை, லோரெய்ன். எல்லாரும் பாக்குறாங்க."

அண்ணன் கென் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது லேப்டாப் திரையில் எழுத்தாக வந்து நின்றது. லோரெய்ன் லேப்டாப்பின் கம்பியை இன்னும் அழுத்திச் செருகினாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, ராச்செஸ்டர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் டார்லா. காதில் விழுவதையெல்லாம் சுருக்கெழுத்து மெஷினில் தட்டுவது டார்லாவின் தொழில். இரண்டு நொடியில் அது திரையில் வாசகமாகிவிடும்.

"பாக்கட்டும். ஆறு வயசுலருந்து எனக்குக் காது கேக்காது. இன்னைக்குத்தான் தெரியுமாமா அவங்களுக்கு?"

"குடும்பத்துப் பேச்சுல வெளியாள் எதுக்கு? யார் என்ன பேசினாலும் நான் அப்புறம் சொல்றேன்."

"நீ சொன்னதே இல்ல, கென். அம்மா செத்தப்பவும் இதையேதான் சொன்ன. பதினோரு வருஷம் ஆச்சு."

டார்லா அதையும் ஒரு எழுத்து விடாமல் தட்டினாள். திரையில் அதைப் படித்த கென் பக்கத்து மேஜைகளைத் திரும்பிப் பார்த்தான். ஊர் என்ன நினைக்கும் என்ற கவலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் அவன்.

அப்பா ஸ்டானோடு தகடு அடிக்கும் ஆலையில் வேலை செய்த எர்னி, ஹாம் இறைச்சித் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

"ஸ்டான் மாதிரி பிடிவாதக்காரன நான் பாத்ததில்ல. மூக்கு உடைஞ்சு ரத்தம் ஊத்துது, 'சளி'ங்கிறான்!"

கூடம் சிரித்தது. படித்துவிட்டு லோரெய்னும் சிரித்தாள், இரண்டு நொடி பிந்தி.

"கடைசிப் பத்து வருஷம் அவனுக்குக் காது சுத்தமா போச்சு. ஆலை மெஷின் சத்தம் தின்னுடுச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னுட்டான். 'வீட்ல எப்படிடா சமாளிக்கிற?'ன்னு கேட்டேன். 'மக முகத்தப் பாப்பேன். அவ சிரிச்சா நானும் சிரிச்சுடுவேன்'னான்."

வாசகம் மேலே நகர்ந்து மறைவதற்குள் லோரெய்ன் அதை இன்னொரு முறை படித்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அப்பா வாய்விட்டுச் சிரித்தால், ஏதோ நல்ல வேடிக்கை போல என்று அவளும் சிரிப்பாள். அவர் முகத்தை நம்பித்தான் அத்தனை வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

கென்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

அவன் தட்டைப் பார்த்தான். "அப்புறம் சொல்லலாம்னு…"

அதுவும் திரையில் வந்தது. கென் லேப்டாப்பை மூடக் கை நீட்டினான். லோரெய்ன் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேஜைமேல் அழுத்தினாள்.

"நிறுத்தாதீங்க எர்னி," என்றாள். கூடமே திரும்பிப் பார்த்ததில் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. அவள் தணிக்கவில்லை. "அப்பா வேற என்ன சொன்னார்? எல்லாத்தையும் சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல."

எர்னி நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்தார். டார்லா விரல்களை ஒருமுறை நெட்டி முறித்துவிட்டு மெஷின்மேல் வைத்தாள்.