பருத்திச் சூடு

ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து, டிரெய்லர் சக்கரத்தின் நடுக்குடத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். சுர் என்றது. இஸ்திரிப் பெட்டியாக இருந்தால் பருத்திக்குச் சரியான சூடு. சக்கரத்துக்கு எது சரியான சூடு என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருடமாகத் தையல் மேசைக்கு முன்னால் நிற்பவளுக்குக் கருகல் வாசனை தெரியும். நாலு கிலோமீட்டராக அது காருக்குள் வந்துகொண்டிருந்தது.

“கை வைக்காத,” என்றார் கணவர்.

“வச்சாச்சு.”

ஒரு டயர் கடை வாசலில் ஒதுங்கியிருந்தார்கள். முன்னால் கார், பின்னால் டிரெய்லர், டிரெய்லர் மேல் படகு. பதினாலு அடி. நீல அடிப்பாகம், வெள்ளை விளிம்பு. பெயர் இன்னும் எழுதவில்லை. தண்ணீரைத் தொட்ட பிறகுதான் பெயர் என்று அவர் சொல்லியிருந்தார். இடது சக்கரத்திலிருந்து மெல்லிய புகை எழுந்து படகின் வயிற்றைத் தடவிக்கொண்டு போனது. கடைக்காரர் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துப் படகைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தார்.

“தண்ணி இந்தப் பக்கம் இல்லையே சார்.”

“பிரேக் சூடாகுது,” என்றார் கணவர்.

“ஒரு வாளி தண்ணி ஊத்திடலாமா?”

“வேண்டாங்க. ஊத்தினா டிரம் கீறல் விட்டுடும். ஆறட்டும். ஜாக்கி மட்டும் கொடுங்க.”

கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பகல் முழுவதும் ஏதாவது ஒரு கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள், நெற்றியில் விளக்கோடு, கிரீஸ் வாசனைக்கு நடுவே நிற்பவர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மாலை எட்டுப் பலகைகளோடு வீட்டுக்கு வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “வானம் தெரியிற மாதிரி ஒரு எடத்துல உக்காரணும்,” என்றார். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பாதி அவளுடைய தையல் அறை. மீதிப் பாதியில் படகு வளர்ந்தது. தெருவில் அவருக்கு மாலுமி என்று பெயர் வந்ததும் அப்போதுதான். நடுவே தரையில் ஒரு கோடு, அவளுடைய சாக்கட்டியால் அவளே போட்டது. அழியும்போதெல்லாம் திரும்பவும் போட்டாள்.

அந்தக் கோட்டுக்கு ஒரு கதை உண்டு. பதினோரு வருடத்துக்கு முன், அவள் ஊரில் இல்லாத ஒரு நாள், மனைவிக்கு உதவியாக இருக்கட்டும் என்று நினைத்துத் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். லிஃப்டுக்கு விடும் எண்ணெய். மறுநாள் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கான ஆறு வெள்ளைக் கோட்டுகளில் மார்புக்கு நேராகக் கறுப்புப் பொட்டு விழுந்தது. அன்றிலிருந்து சட்டம்: அவர் அவள் சாமானைத் தொடக்கூடாது, அவள் அவர் சாமானைத் தொடக்கூடாது. சட்டத்தைவிட அவளுக்கு உபயோகமாக இருந்தது அந்த வார்த்தைதான். குழம்பில் உப்பு என்பார். “ஆறு கோட்டு,” என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அது தேயவில்லை.

கணவர் ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினார். கையால் சுற்றிப் பார்த்தார். சக்கரம் முனகிக்கொண்டு கால் சுற்று வந்து நின்றது. அவர் முகம் சுருங்கியது.

“நேத்து பிரேக் ஷூவ நான்தான் இறுக்கினேன். ஜாஸ்தி இறுக்கிட்டேன் போல. ஆனா அந்தப் பாலத்துக்கிட்ட நிறுத்தி, அட்ஜஸ்டர் சக்கரத்துல ரெண்டு பக்கமும் நாலு நாலு பல்லு தளர்த்தினேன் இல்ல? அங்க காத்தாடி மாதிரி சுத்துச்சு. நீயும்தானே பாத்த?”

“பாத்தேன்.”

“இங்க வந்தா மறுபடி பிடிக்குது.” இன்னும் நாலு பல் தளர்த்தினார். மொத்தம் எட்டு. சுற்றினார். சக்கரம் சுற்றியது, ஆனால் அவர் முகம் தெளியவில்லை. “தன்னால இறுகுதுன்னா என்ன அர்த்தம்? ஊரு பூரா லிஃப்டுக்கு பிரேக் பாக்கறவன் நான். என் வண்டி பிரேக்கு எனக்குப் பிடிபடல.”

கடைக்காரர் குனிந்து பார்த்தார். அவர் சட்டைப் பையின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பார்வையை எங்கெங்கோ திருப்பிப் பார்த்தாள். முடியவில்லை. கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள்.

“அசையாதீங்க.”

“என்னம்மா?”

“நூலு.” நறுக்கிவிட்டாள். கடைக்காரர் பையைத் தடவிப் பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்க, அவளுக்கு அது ஒரு வியாதி,” என்றார் கணவர் தரையில் படுத்தபடியே. “வரிசையில முன்னாடி நிக்கறவன் காலர்லகூட நறுக்கியிருக்கா.”

ஃபோன் அடித்தது. அவளுடைய அண்ணன். ஏரிக்கரையில் எட்டு மணியிலிருந்து நிற்கிறான். படம் எடுக்க வந்திருக்கிறான்.

“எங்க இருக்கீங்க? மாப்ள படகத் தரையிலேயே ஓட்டிட்டு வர்றாரா?”

“வந்துடுவோம்ணே. சக்கரம் கொஞ்சம் சூடாயிருக்கு.”

“போன தடவ ஓட்டை. அதுக்கு முந்தி மழை. இப்ப சக்கரமா? நான் வேணா ஏரிய அங்க கொண்டு வரட்டுமா?”

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஆனால் கணவருக்குக் கேட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து, கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“திரும்பிடலாம்,” என்றார். “இது மூணாவது தடவ. உங்கண்ணன் சொல்றது சரிதான். கொட்டகையிலயும் வேணாம், வாசல்ல போட்டு மண்ணக் கொட்டித் தக்காளி வச்சிடறேன். உனக்கும் வெட்டற மேசைக்கு எடம் கெடைக்கும்.”

ஆறு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த இடத்தைத்தான். இப்போது கேட்காமலே கிடைக்கிறது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவர் இப்படிச் சத்தம் இல்லாமல் பேசினால் சொன்னதைச் செய்துவிடுவார். வாசலில் தக்காளிச் செடிக்கு நடுவே அந்த வெள்ளை விளிம்பு துருத்திக்கொண்டு நிற்பதைத் தினமும் அவள்தான் பார்க்க வேண்டும். அவர் கை கழுவக் கடையின் பின்பக்கம் போனார். அவள் சும்மா நிற்க மாட்டாமல் டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். விரலை நனைத்தாள். தட்டினாள்.

சுர்.

அதே பருத்திச் சூடு. ஒரு முடி கூடவோ குறையவோ இல்லை.

அவள் அங்கேயே நின்றாள். சட்டையில் ஒரு கை மட்டும் கோணலாக வந்தால் தையலில் தப்பு. இரண்டு கையும் ஒரே அளவு கோணலாக வந்தால் தையலைப் பிரித்துப் புண்ணியமில்லை, வெட்டிலேயே தப்பு. இரண்டு சக்கரத்தையும் அவர் தனித்தனியாகத்தான் இறுக்கினார், தனித்தனியாகத்தான் தளர்த்தினார். கை தவறியிருந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். இரண்டும் ஒரே சூடு என்றால் இரண்டையும் சேர்த்து ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. கீழே குனிந்தாள். இரண்டு சக்கரத்திலிருந்தும் வந்த கேபிள்கள் நடுவில் ஒரு கம்பியில் சேர்ந்தன. அந்தக் கம்பியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டு முன்பக்கம் நடந்தாள். டிரெய்லரின் மூக்கில், காரோடு பூட்டும் இடத்துக்குப் பக்கத்தில், அது ஒரு ஹேண்ட் பிரேக் பிடியில் போய் முடிந்தது. காலையில் அவர் தன் கையாலேயே இறக்கிவிட்ட பிடி. அதனால்தான் அவர் இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது அது ஐந்து பல் மேலே ஏறி நின்றது.

பிடியிலிருந்து காருக்கு ஒரு மெல்லிய இரும்புக் கயிறு போனது. டிரெய்லர் தப்பித்தவறிக் கழன்றுகொண்டால் அந்தக் கயிறு பிடியை இழுத்து வண்டியை நிறுத்தும். அதை அவர் ஒரு நாள் சாப்பிடும்போது விளக்கியிருந்தார், அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு தலையாட்டியிருந்தாள். அதற்குத் தொங்கும்படி நீளம் வேண்டும். வளைவில் கார் திரும்பும்போது இழுபடாமல் இருக்கத்தான் அந்த நீளம். இப்போது கயிற்றில் தொங்கல் இல்லை. மூன்றாக மடித்து, நடுவில் பச்சை நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றி, முடிச்சிட்டு, முனையை ஒட்ட நறுக்கியிருந்தது. நறுவிசான வேலை.

காலையில் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். கயிறு தரையை உரசுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அரை நிமிட வேலை. சட்டம் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவே வரவில்லை.

ஒவ்வொரு ரவுண்டானாவிலும் ஒரு பல். நேர்ச் சாலையில் ஒன்றுமில்லை. பாலத்துக்கு முன்னால் இரண்டு ரவுண்டானா, அப்புறம் மூன்று.

பின்பக்கம் குழாய்த் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரி கையிலேயே இருந்தது. நறுக்கி, பிடியை இறக்கிவிட்டால் போதும். ‘இன்னும் ஒரு தடவ ஓட்டிப் பாப்போமே’ என்று சொல்லலாம். ஓடும். அவர் எட்டுப் பல் தளர்த்தியதுதான் சரியாக்கியது என்று ஏரி வரை பேசிக்கொண்டு வருவார். சந்தோஷமாக இருப்பார். ஆறு கோட்டும் பத்திரமாக இருக்கும்.

ஏரிக்கு முன்னால் ஒன்றரைக் கிலோமீட்டர் இறக்கம் இருந்தது. எட்டுப் பல் தளர்ந்த பிரேக்கோடு அந்தப் படகு பின்னால் தள்ளிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று கேட்க அவளுக்கு லிஃப்ட்காரர் தேவையில்லை.

குழாய் நின்றது.

“இங்க வாங்களேன்,” என்றாள். “கோவப்படாம வாங்க.”

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் சுட்டிக்காட்டினாள். அவர் பிடியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பச்சை நூலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார்.

“இது நம்ம கொட்டகை நூலுதானே?”

“ம்.”

“எப்போ?”

“நீங்க வீட்டப் பூட்டும்போது. தொங்கிட்டு இருந்துச்சு.”

“தொங்கணும்மா அது.”

“இப்பத் தெரியுது.”

அவர் குந்தி உட்கார்ந்து முடிச்சை விரலால் தடவினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஒரு கணம் பயந்துபோனாள்.

“எத்தன சுத்து?”

“ஒம்போது.”

“கார் இழுத்தும் அவுரல பாரு.” நிமிர்ந்தபோது கண்ணில் சிரிப்பில் வந்த நீர் இருந்தது. “என் கையிலதான் கோளாறுன்னு தக்காளி வரைக்கும் போயிட்டேனே.”

அவளே நறுக்கினாள். நூல் சுருளாகக் கீழே விழுவதற்குள் அவர் கையில் பிடித்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அது எதுக்கு?”

“என்கிட்ட இருக்கட்டும். பதினோரு வருஷத்துக்கு.”

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் சிரித்தார். கணவர் பிடியை இறக்கிவிட்டு, மறுபடி படுத்து, இடது பக்கம் எட்டுப் பல்லையும் வலது பக்கம் நாலையும் ஒவ்வொன்றாக எண்ணி இறுக்கினார். அவள் பக்கத்தில் குந்தியிருந்து கூடவே எண்ணினாள்.

இறக்கத்தில் வண்டி சொன்னபடி கேட்டது. ஏரிக்கரையில் அண்ணன் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

“எறக்கு மாப்ள, எறக்கு! வெயில் ஏறுறதுக்குள்ள!”

“நில்லுண்ணே,” என்றாள். இறங்கி, இரண்டு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாள். இறக்கத்தில் பிரேக் பிடித்த சூடு. சத்தம் இல்லை, ஆனால் விரல் இரண்டு நொடிக்கு மேல் தாங்கவில்லை. சூட்டோடு தண்ணீருக்குள் விட்டால் சக்கரக் குடம் உள்ளே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று வழியில் சொல்லியிருந்தார். இந்த முறை அவள் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“என்ன சூடு?” என்றார் ஸ்டியரிங்கில் இருந்தபடி.

“கம்பளி. பட்டுக்கு வரட்டும்.”

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று பேரும் சரிவின் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள். கணவரின் பையிலிருந்து பச்சை நூலின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தாள். கத்தரியை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், முழு உள்ளங்கையையும் சக்கரத்தின் மேல் வைத்தாள். எடுக்காமலே தலையசைத்தாள்.

டிரெய்லர் பின்னோக்கி மெதுவாக இறங்கியது. தண்ணீர் டயரில் ஏறி, குடத்தை மூடியது. சத்தமே வரவில்லை. பிறகு படகின் பின்பக்கம், யாரும் தொடாமலே, டிரெய்லரில் அதைத் தாங்கியிருந்த கட்டையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பி, ஒரு பக்கமாக அசைந்தது.