இழுப்பறை இடறுகிற இடம்

…இல்லை, இடறத்தான் செய்கிறது, என் கண் என்னை ஏமாற்றவில்லை, மேசைமேல் இருக்கிற பெரிய கணினியில் வழுக்கிக்கொண்டு வருகிற இதே இழுப்பறை என் பழைய கைப்பேசியில் பாதி வழியில் ஒரு கணம் நின்று, மூச்சு வாங்கி, அப்புறம்தான் மீதியைத் திறக்கிறது. மரச்சாமான் கடையின் இணையப் பக்கம், அலமாரியைத் தொட்டால் இழுப்பறை முன்னால் வரவேண்டும், அவ்வளவுதான் வேலை, அந்த அவ்வளவுதானுக்குள் நான் குடியேறியே பல நாளாகிறது. மேலாளர் குனிந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே, நல்லாத்தானே வருது என்கிறார், அவருக்கு எல்லாமே பரவாயில்லைதான், எங்களுக்குள் அவர் பெயரே ‘பரவாயில்லை சார்’. கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். “இதையெல்லாம் யாரும்மா கவனிக்கப்போறாங்க? உன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுது. மதியம் கடைக்காரம்மா வர்றாங்க, அதுக்குள்ள சரியாகலைன்னா தூக்கிட்டு ஒரு போட்டோவை வச்சிடு.” போட்டோவா? மூடியே கிடக்கிற இழுப்பறையின் போட்டோவா? வைக்க மாட்டேன் சார் என்று வாய்விட்டே சொன்னேன், அவர் காதில் விழாத மாதிரி போய்விட்டார்… என் கண்ணுக்கு மட்டும்தானாம், என் கண் என்ன இரவல் கண்ணா? இவர் ஒருவர்தானா, போன வாரம் சிநேகிதர் வீட்டு விருந்தில் நீங்க என்ன வேலைம்மா பாக்கறீங்க என்று யாரோ என்னைக் கேட்க, என் கணவர் முந்திக்கொண்டு, கம்ப்யூட்டர்ல பொம்மை நகர்த்துறா என்றாரே, மேசையே சிரித்ததே… வேண்டாம், இப்போது அது வேண்டாம், இழுப்பறையைப் பார்.

முதலில் நான் செய்தது சரியான அசட்டுத்தனம், இழுப்பறையின் அகலத்தையும் உயரத்தையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், திரை நொடிக்குப் பல தடவை மாற்றுகிற ஒவ்வொரு படத்துக்கும், கூட்டிக்கொண்டே போனேன், ஒவ்வொரு தடவையும் பிரவுசர் பக்கம் முழுவதையும் புதிதாக அளந்து அடுக்கவேண்டும், பஸ்ஸில் ஒருத்தர் இறங்குவதற்காக எல்லோரையும் எழுப்பி நிறுத்துகிற மாதிரி. அதை விட்டேன், ஒரு முறை வரைந்த படத்தை அப்படியே நகர்த்து, பெரிதாக்கு, அளக்காதே என்றேன், கேட்டது. உடனே பேராசை வந்தது, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வருகிற பேராசை, ஒன்றுக்குப் பலித்ததே என்று பக்கத்திலுள்ள அத்தனை இழுப்பறையையும் முன்கூட்டியே தனித்தனிப் படமாக வரைந்து நினைவில் அடுக்கி வைக்கச் சொன்னேன், ஒரு ஸ்பூன் மருந்து கேட்டதே என்று பாட்டிலையே கவிழ்த்துக்கொண்ட கதைதான், கைப்பேசி சூடாகி முன்பைவிட மோசமாகத் திக்கியது. சரி, விரல் தொட்டது மட்டும் போதும், மற்றவை சும்மா கிடக்கட்டும்… இன்னும் இடறுகிறது, அதே பாதி வழியில், ஏன்? நிழல்! இழுப்பறை வெளியே வர வர அடியில் பரவுகிற நிழல், அதையல்லவா ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக வரையச் சொல்லியிருக்கிறேன், நிழலை எடுத்துவிட்டால் முடிந்தது வேலை, எடுத்துப் பார்த்தேன், வழுவழுவென்று வந்தது, ஆனால் அட்டையை வெட்டி ஒட்டின மாதிரி வந்தது. மாட்டேன், நிழலும் வேண்டும், இடறவும் கூடாது, இரண்டும் எனக்கு வேண்டும், கேட்டால் என்ன தப்பு? முழு நிழலையும் ஒரே தடவை வரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வைத்துவிட்டு, இழுப்பறை வரும்போது மெல்லத் தெரியவிடு, வரைகிற வேலையே இல்லை, எங்கே, தொடு… வந்தது. மறுபடி தொட்டேன். வந்தது. அறையில் ஒருத்தரும் தலை நிமிரவில்லை, எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

கடைக்காரம்மா வந்து தன் கைப்பேசியிலேயே பார்த்தார், மூலை உடைந்த, என்னுடையதைவிடப் பழைய கைப்பேசி, வரட்டும், அதுதான் எனக்கு வேண்டும். திறந்தார், மூடினார், திறந்தார். “அழகா வருதும்மா. ஆனா எங்க கடை டிராயர் இவ்வளவு லேசா வராது, பாதியில கொஞ்சம் இடிக்கும். இதை நம்பி வாங்கிட்டு வந்து சண்டைக்கு நிப்பாங்களே?” ‘பரவாயில்லை சார்’ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “பரவாயில்லைங்க, இதையும் கொஞ்சம் இடிக்கிற மாதிரி மாத்திடலாம்.” எனக்கு உச்சந்தலை வரை ஏறியது, இடிக்கிற மாதிரியா, நான் துரத்தித் துரத்தி விரட்டினதைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவரச் சொல்கிறாரா? “மாத்த மாட்டேன் சார். நீங்க டிராயரைச் சரி பண்ணுங்கம்மா.” சொல்லிவிட்டேன், வேலை போனால் போகட்டும், சாருக்கு முகம் வெளுத்துவிட்டது, கடைக்காரம்மா என்னையே பார்த்தார், இன்னொரு தடவை திறந்து மூடினார், பிறகு சிரித்துவிட்டார். “தச்சர்கிட்ட நானும் இதைத்தான் கத்திக்கிட்டிருக்கேன். இது இப்படியே இருக்கட்டும். ஆமா, நீ வீட்லயும் இப்படித்தானா? இடிச்சா விடமாட்டியோ?” விடமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்… அந்த விருந்து மேசை வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன், எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன், திரும்பி வரும்போது காரில் என் கணவர் கேட்டார், என்ன, கோபமா? பரவாயில்லை என்றேன், நான்தான் சொன்னேன், அந்தச் சொல் ஓர் இடத்தில்கூட இடறாமல் வந்தது.