ஸ்னாப்பா, ஃப்ரீ கிக்கா?

ஹேர்ஸ்டன் ஊரில் லோர்னா வொன்ட்ராச்செக்குக்கு விசில் என்றுதான் பெயர். போன வருஷம் பள்ளிப் பையன்களின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு நடுவராக வந்தபோது, அந்த ஊர்ப் பையன் பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்தான். பந்து கீழே கிடக்கும் இன்னொருவனிடம் இருக்கிறது என்று நினைத்து அவள் விசிலை ஊதிவிட்டாள். தப்பாக ஊதினாலும் ஊதியது ஊதியதுதான், ஆட்டம் அங்கேயே நிற்க வேண்டும் என்பது விதி. ஆறு பாயிண்ட் தரும் டச்டவுன் போயிற்று, ஆட்டமும் போயிற்று. தப்பு தன்மேல்தான் என்று அப்போதே இரண்டு கோச்சுகளிடமும் சொன்னாள். சொல்லி என்ன பயன்? அவள் தபால்காரி, ஹேர்ஸ்டன் அவளுடைய வழியில் இருந்தது. ஒரு வருஷமாக வாசலுக்கு வாசல் விரலை வாயில் வைத்து விசிலடித்தார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அதே மைதானத்துக்கு, முதன்முறையாகத் தலைமை நடுவரின் வெள்ளைத் தொப்பியோடு வந்திருந்தாள். இன்று இன்னொரு தப்பு நடந்தால் தொப்பி போகும். அதைவிட, இந்த ஊர்ப் பக்கம் சாய்ந்தாள் என்ற பேச்சு வந்தால் பத்தொன்பது வருஷ நல்ல பெயரும் சேர்ந்து போகும். எல்லாவற்றையும் விதிப் புத்தகத்தில் உள்ளபடியே செய்துவிட்டுப் போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

புத்தகத்தில் உள்ளபடி செய்வது அவளுக்குப் பழக்கம்தான். எதிரணி உயரமாக உதைத்தனுப்பும் பந்தைப் பிடிக்கப் போகிறவன் கையைத் தூக்கி ஆட்டிவிட்டால் அவனை யாரும் தொடக்கூடாது. பிடித்த பிறகு அவன் அணிக்கு இரண்டு வழி உண்டு: எப்போதும்போல வரிசையில் நின்று, பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்னாப் எடுக்கலாம்; அல்லது அந்த இடத்திலிருந்தே ஃப்ரீ கிக் அடிக்கலாம். இரண்டாவது வழியை யாரும் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. ஆனாலும் லோர்னா ஒவ்வொரு முறையும் கேப்டனிடம் போய், ஸ்னாப்பா, ஃப்ரீ கிக்கா என்று கேட்பாள். கேள்வி முடிவதற்குள் ஸ்னாப் என்று பதில் வந்துவிடும். கூட வரும் நடுவர் கார்த் அவளை விடவே மாட்டான். கல்யாணத்தில் பாதிரியாரிடமும் இதைத்தான் கேட்டாயா என்பான்.

கடைசி நிமிடத்தில் எதிரணி மில்ஃபோர்க் பதினான்கு, ஹேர்ஸ்டன் பன்னிரண்டு. மில்ஃபோர்க் தன் எல்லைக்கோட்டருகே நின்று உதைத்த பந்தை எதிர்காற்று பாதி வழியிலேயே இறக்கிவிட்டது. ஹேர்ஸ்டன் கேப்டன் எஃப்ரைன் ஒலிவாரெஸ் கையைத் தூக்கி ஆட்டி, அழகாகப் பிடித்தான். மீதி மூன்று வினாடி.

லோர்னா அவனிடம் போனாள். "கேப்டன், ஸ்னாப்பா, ஃப்ரீ கிக்கா?"

எஃப்ரைன் ஸ்னாப் என்று சொல்ல வாயைத் திறந்தான், நிறுத்திக்கொண்டான். இளவேனிலில் அவன் பள்ளியின் சாக்கர் அணிக்கு ஆடுகிறவன். "ஃப்ரீ கிக்னா, என்மேல யாரும் பாய மாட்டாங்களா, மேடம்?"

"பத்து கெஜம் தள்ளித்தான் நிப்பாங்க. கோல் கம்பத்துக்கு நடுவுல போனா மூணு பாயிண்ட். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

"அப்போ உதைக்கிறேன்."

மில்ஃபோர்க் கோச் ரஸ்முசன் முகம் தக்காளியாகச் சிவந்து ஓடிவந்தார். இப்படி ஒரு விதியே கிடையாது என்றார். பிறகு, இருந்தாலும் அதைப் பையனுக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்றார்.

"போன வருஷத்துக் கடனை இந்த ஊருக்குத் திருப்பிக் கட்டுறீங்களாக்கும்?"

அது சுருக்கென்று தைத்தது. லோர்னா பதில் சொல்வதற்குள் மில்ஃபோர்க் கேப்டன் டேட் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நடுவில் வந்தான். அவன் தோற்க நேரக்கூடிய பக்கத்துப் பையன், பேசாமல் இருந்திருக்கலாம்.

"கோச், ரெண்டாவது குவார்ட்டர்ல எங்கிட்டயும் இதையேதான் கேட்டாங்க. நீங்கதான் வெளியில இருந்து, ஸ்னாப்னு சொல்லித் தொலைடான்னு கத்துனீங்க."

கார்த் தொப்பியால் வாயை மூடிக்கொண்டான். ரஸ்முசன் திரும்பி நடந்தார்.

ஹேர்ஸ்டன் பையன் ஒருவன் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்தான். மில்ஃபோர்க் பையன்கள் பத்து கெஜம் தள்ளி, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எஃப்ரைன் நான்கு அடி பின்னால் போய், ஓடிவந்து உதைத்தான். முதுகில் காற்று. பந்து குறுக்குக் கம்பியில் டணாரென்று மோதி, எழும்பி, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது.

கம்பத்தடியில் நின்ற இரு நடுவர்களின் கைகள் உயர்ந்தன. லோர்னாவும் இரு கைகளையும் தூக்கினாள். எந்தப் பக்கம் ஜெயித்தது என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. பத்தொன்பது வருஷமாகத் தனியாகச் சுமந்துவந்த விதிப் புத்தகத்தின் ஒரு பத்தி அச்சிலிருந்து எழுந்து ஓடியதைப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் கைகளை இறக்கவே மறந்துபோனாள். கார்த் வந்துதான் இறக்கிவிட்டான்.

வெளியேறும் வழியில் ரஸ்முசன் காத்திருந்தார். "அடுத்த தடவை கொஞ்சம் மெதுவா கேளுங்க."

"மெதுவாத்தான் கேட்டேன், கோச். நீங்கதான் அவசரமா பதில் சொன்னீங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஹேர்ஸ்டனின் முதல் வாசலில் ஹார்வி பிளாஹா நின்றிருந்தார். வருஷம் முழுக்க ஊரிலேயே பலமாக விசிலடித்தவர். லோர்னாவின் வண்டி நின்றதும் விரல்களை வாய்வரை கொண்டுபோனார், அப்புறம் இறக்கிக்கொண்டார்.

"என்ன, ஸ்னாப்பா, ஃப்ரீ கிக்கா?"

லோர்னா, வரச்சொல்லிப் பல் டாக்டர் அனுப்பிய அட்டையை அவர் கையில் வைத்தாள்.

"இதுல சாய்ஸ் கிடையாது."