உதடு அசையாமல்

"அப்போ மணிதான் நடந்து வந்துதா?"

என்று கேட்டுக் கிருபாபாய் அக்கா சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையில் எக்கனாமிக்ஸ் நடத்திக்கொண்டிருந்த தங்கப்பன் சார் பாடத்தை நிறுத்தினார். இரண்டு அறைக்கும் நடுவில் வெறும் ஓலைத் தட்டிதான். புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் வாக்கியம் இது: வராந்தாவில் நடந்து வரும்போது நோயாளி அடித்த மணி கேட்டது. நம் பேச்சில் இதில் ஒரு குற்றமும் கிடையாது. இங்கிலீஷில் அப்படி விட முடியாது. நடந்தவரை அடுத்த வார்த்தையிலேயே கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் மணிக்குக் கால் முளைத்துவிடும்.

"வார்டில நர்சு இல்லாம வேற யாரு சாறே நடப்பா? இதுகூடத் தெரியாதவனா அமெரிக்காக்காரன்?"

"தெரியும் அக்கா. ஆனா நடந்த ஆளை எழுதணும். எழுதலேன்னா அந்த ஆளே இல்ல."

"நல்ல கூத்து. காலு கடுக்க நடக்கது நான், பேரு மணிக்காக்கும்!"

இது தொண்ணூற்றாறு ஜூலையில். காலேஜில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பாடம் எடுக்கிற பாரலல் காலேஜ் ஒன்று, கேரள எல்லையோரம் உதியன்குளங்கரையில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலு அறை. நான் அங்கே இங்கிலீஷ் சார். வயது இருபத்துமூன்று. அக்காவுக்கு முப்பத்துநாலு. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் இறந்து நாலு வருடம். மகள் ஜினிக்குப் பத்து வயது. அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரி மகளோடு சேர்த்தே அக்காவை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, ஆனால் இங்கிலீஷ் பரீட்சையில் ஐந்நூற்றைம்பது மார்க் வேண்டும். முதல் தடவை ஐந்நூற்றுமுப்பது. அவர்கள் கொடுத்த கெடு அடுத்த வருடம் ஜூன் வரை. அதனால் செவ்வாயும் வியாழனும், காலை டியூட்டி முடிந்து, கொல்லயிலில் இருக்கும் வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா இங்கே இறங்குவாள்.

எனக்கு இங்கிலீஷ் வாக்கியம் என்றால் பைத்தியம். பஸ்ஸில் ஒட்டியிருக்கிற நோட்டீஸைக்கூட மனசுக்குள் திருத்திக்கொண்டே போவேன். ஆனால் அதை யாரிடம் சொல்ல? கூடப் படித்த அஜேஷ் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். வீட்டில் அம்மா, "சோறு எடுக்கட்டா" என்பதோடு சரி. தங்கப்பன் சாரிடம் ஒருநாள் உற்சாகமாகச் சொல்லப்போய், "இதொக்கெ ஆர்க்கு வேணம்?" என்று கேட்டுவிட்டார்; இதெல்லாம் யாருக்கு வேண்டுமாம். பையன்களுக்கு மலையாளத்தில் நோட்ஸ் சொன்னால் போதும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ஒரு வாக்கியம் ஏன் தப்பு என்று என்னோடு சண்டை போட ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். வாரத்தில் மிச்ச ஐந்து நாளும் நான் அந்தச் சண்டைக்குத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் பிடிபடாமல் இருந்தது பாரலலிசம். மூன்று வேலையை அடுக்கினால் மூன்றும் ஒரே உருவத்தில் நிற்க வேண்டும். லிஃப்டிங், வாஷிங் என்று ஆரம்பித்துவிட்டு மூன்றாவதாக டு ஃபீட் என்று வந்தால் தப்பு. கண்ணால் பார்த்தால் அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மூன்றாவதில் தானாகவே நின்றாள்.

"இடிக்குதே சாறே. எங்க சர்ச்சில பைபிள்ல சங்கீதம் வாசிக்கும்போ, போதகரு ஒரு வரி, நாங்க ஒரு வரி. ரெண்டும் ஒரு கணக்கில வரும். யாராவது மாத்தி வாசிச்சா இப்படித்தான் இடிக்கும்."

நான் பெஞ்சிலிருந்து குதித்தே விட்டேன். "அதுதான் அக்கா! அதேதான்! இனி எல்லாத்தையும் அப்படியே வாசிங்க. பைய, உதட்டுக்குள்ள." அதற்குப் பிறகு நான் ஒரு வரி, அவள் ஒரு வரி. பத்துக்கு ஒன்பது சரியாக வந்தது. நானே கண்டுபிடித்த வழி என்று எனக்கு ஒரே கர்வம்.

அக்டோபரில் பரீட்சை. திருவனந்தபுரத்தில் எழுதிவிட்டு அடுத்த செவ்வாய் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பன்னிரண்டாவது கேள்வியில மேசையில தட்டினா, காவலுக்கு நின்ன அந்த அம்மா. பேசக் கூடாதுன்னு. நான் பேசல்ல சாறே, வாசிச்சேன். ரெண்டாவதும் தட்டினா. மூணாவது என்னை எழுப்பி, முன்னால சொவரு பக்கம் கொண்டு இருத்தியாச்சு. சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் முன்னால, கள்ளிய இருத்தினது மாதிரி. பொறவு வாசிச்ச ஒரு வரியும் காதில விழல்ல. வாய மூடினா எனக்கு இங்கிலீஷ் இல்ல."

ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் முப்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தி வாசிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஓர் அமைதியான ஹால் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. "எனக்க தப்பு அக்கா" என்றேன். அதே நேரம் உள்ளே சின்னதாக ஒன்று துள்ளியது. அப்படியென்றால் இன்னும் வருவாள். அந்தத் துள்ளல் இன்றைக்கும் என் மனசில் கிடக்கிறது, அழுக்காக.

டிசம்பரில் மார்க் வந்தது. ஐந்நூற்றுநாற்பத்துமூன்று.

"மே மாசம் ஒரு தடவ உண்டு. அதுதான் கடைசி. வேற ஏதாவது வழி உண்டா சாறே?"

வழி இருந்தது. இரண்டு நாளாக எனக்குத் தெரிந்தே இருந்தது, சொல்ல வாய் வரவில்லை.

"இனி பேசாம படிக்கணும் அக்கா. உதடு அசையக் கூடாது. நானும் பேச மாட்டேன். நான் பேசினா நீங்களும் பேசுவீங்க."

"ஒரு மணிக்கூறும் பேசாமலா?" என்னையே பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, சாறே என்று கூப்பிடாமல், "சரி மக்கா" என்றாள்.

ஆளுக்கொரு புத்தகம். நான் கேள்வி எண்ணைத் தொட்டுக் காட்டுவேன். இருவரும் படிப்போம். விடை நாலில் எத்தனையாவதோ அத்தனை விரல் காட்டுவோம். முதல் மாதம் அவள் உதடு துடித்துக்கொண்டே இருந்தது, பல்லால் கடித்துக்கொண்டாள். தங்கப்பன் சார் எட்டிப் பார்த்து, இரண்டு பேருக்கும் பிணக்கமா என்று விசாரித்துவிட்டுப் போனார். மார்ச்சில் உதடு நின்றது. பிறகு தொண்டையும். வருவாள், படிப்பாள், விரல் காட்டுவாள், பஸ்ஸுக்கு எழுந்து போவாள். மணி நடந்த மாதிரி வாக்கியங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் கடைசி வியாழன். நீளமான ஒரு வாக்கியம். நான் இரண்டு விரலை உயர்த்தப்போகும்போது, அக்காவின் கை ஏற்கெனவே மேலே இருந்தது. மூன்று. நான் மறுபடி படித்தேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் வெயிலில் சடசடத்தது. மூன்றுதான் சரி. இனி அவளுக்கு நான் வேண்டியதில்லை. அவள் வாய் இறுக மூடியிருந்தது. கண் மட்டும் என் கையைத் தேடியது. நான் நிமிராமல், முதலிலிருந்து இன்னொரு தடவை, மெதுவாகப் படித்தேன். அவள் மூன்று விரலையும் இறக்காமல் காத்திருந்தாள்.